ஒரே நொதியைக் குறிவைக்கும் களை மருந்து: செட்டிநாட்டு நெல் வயலில் பிஸ்பைரிபாக் சோடியம்

நெல்லுக்குள் குதிரைவாலிப் புல் மண்டிவிட்டது என்று காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ உள்ள எந்த உரக்கடையில் போய்ச் சொன்னாலும், பெரும்பாலும் முதலில் எடுத்து வைக்கப்படுவது பிஸ்பைரிபாக் சோடியம் 10 சதவீத எஸ்சி (நுண்துகள்கள் மிதக்கும் திரவ வடிவம்) என்னும் களைக்கொல்லிதான். ஜப்பானின் குமியாய் நிறுவனம் கண்டறிந்த இந்த மூலக்கூறு இன்று பல நிறுவனங்களின் பெயர்களில், பல வண்ணப் புட்டிகளில் கிடைக்கிறது. கல்லல் பக்கத்தில் எங்கள் குடும்பத்துக்கு இருக்கும் நிலத்தில், கண்மாய்த் தண்ணீர் பாயும் தாழ்ந்த வயலிலும், மழையை மட்டுமே நம்பிக் கிடக்கும் மேட்டு நிலத்திலும் இதைத் தெளித்துப் பார்த்ததன் பேரில் இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். கல்லூரியில் தாவரவியல் கற்பித்தவன் என்பதால், புல் செத்ததா இல்லையா என்பதோடு நிறுத்திக்கொள்ள மனம் வரவில்லை. செடியின் செல்லுக்குள் இம்மருந்து செய்யும் வேலையைச் சொல்லாமல் இதன் தரத்தை எடைபோட முடியாது என்பதே என் எண்ணம். ஏனெனில் இதன் சிறப்பும் குறையும் ஒரே காரணத்திலிருந்து பிறக்கின்றன. இது செடிக்குள் ஒரே ஒரு நொதியைத்தான் தடுக்கிறது.

எந்தச் செடியும் தனக்கு வேண்டிய புரதத்தைத் தானே கட்டிக்கொள்கிறது. அதற்குத் தேவைப்படும் இருபது அமினோ அமிலங்களில் வேலின், லூசின், ஐசோலூசின் ஆகிய மூன்றும் கிளைத்த சங்கிலி அமைப்பு உடையவை. இம்மூன்றையும் உருவாக்கும் பாதையின் தொடக்கத்தில் அசிட்டோலாக்டேட் சிந்தேஸ் என்னும் நொதி நிற்கிறது. இதைச் சுருக்கமாக ஏஎல்எஸ் என்பார்கள். இதற்கான மரபணு செல்லின் உட்கருவில் இருந்தாலும், நொதி வேலை பார்க்கும் இடம் பசுங்கணிகம். அங்கே, சர்க்கரை சிதைவதால் உண்டாகும் பைருவேட் என்னும் மூலப்பொருளின் இரண்டு மூலக்கூறுகளை இணைத்தால் வேலினுக்கும் லூசினுக்கும் வழி திறக்கிறது. ஒரு பைருவேட்டைக் கீட்டோபியூட்டிரேட்டுடன் இணைத்தால் ஐசோலூசினுக்கு வழி திறக்கிறது. பிஸ்பைரிபாக் இந்த நொதியின் செயல்மையத்தில் போய் உட்காருவதில்லை. செயல்மையத்துக்கு இட்டுச்செல்லும் குறுகிய பாதையில் சிக்கிக்கொண்டு, மூலப்பொருள் உள்ளே நுழையாதபடி அடைத்துவிடுகிறது. கண்மாய் நிறையத் தண்ணீர் கிடந்தும் மடையில் கல் விழுந்தால் வயல் காய்வதைப் போல, செல்லுக்குள் பைருவேட் தாராளமாக இருந்தும் மூன்று அமினோ அமிலங்களும் வருவது நின்றுபோகிறது.

மனிதருக்கும் ஆடு மாட்டுக்கும் இந்த நொதியே கிடையாது. நாம் இம்மூன்றையும் சோற்றிலிருந்தும் பருப்பிலிருந்தும்தான் பெறுகிறோம். இவ்வகை மருந்துகளின் உடனடி நச்சுத்தன்மை பாலூட்டிகளுக்குக் குறைவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். மேலும், ஒரு குறிப்பிட்ட நொதியை மட்டும் தாக்குவதால் மிகச் சிறிய அளவே போதுமானதாகிறது. ஏக்கருக்கு 80 முதல் 100 மில்லி என்பது பரிந்துரை. அந்த 100 மில்லியில் உண்மையான மருந்துப் பொருள் 10 கிராம்தான். பெண்டிமெத்தலின் என்னும் இன்னொரு களைக்கொல்லியை ஏக்கருக்கு 300, 400 கிராம் மருந்துப் பொருள் சேரும்படி கொட்டுகிறோம் என்பதோடு இதை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இதே நொதியைத் தடுக்கும் சல்ஃபோனைல்யூரியா வகை மருந்துகளை 1970களில் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தில் ஜார்ஜ் லெவிட் கண்டறிந்தபோதுதான், களைக்கொல்லியைக் கிலோவில் அல்லாமல் கிராமில் கணக்கிடும் காலம் தொடங்கியது. பிஸ்பைரிபாக் வேதி அமைப்பில் வேறு குடும்பம். ஆனால் போய்த் தட்டும் கதவு அதே கதவு. இந்தச் செய்தி பின்னால் தேவைப்படும்.

மருந்து இலை வழியாக உட்புகுந்து, உணவு கடத்தும் திசு வழியே வளர்முனைக்குப் போய்ச் சேருகிறது. புதிய செல்கள் பிறக்கும் அவ்விடத்தில்தான் புரதத்துக்கான தேவை மிகுதி. ஏஎல்எஸ் தடைபட்ட செடிகளில் சில மணி நேரத்துக்குள்ளேயே செல் பிரிதல் நின்றுவிடுவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. டிஎன்ஏ இரட்டிப்புக்கு முன்பும் பிரிதலுக்கு முன்பும் உள்ள நிலைகளில் செல்கள் தேங்கி நின்றுவிடுகின்றன. ஆனால் வெளியே பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. முதிர்ந்த இலைகளில் ஒளிச்சேர்க்கை தொடர்கிறது, பச்சை மாறுவதில்லை, உண்டாகும் சர்க்கரையை வாங்கிக்கொள்ள வளரும் பகுதி இல்லாததால் அது இலையிலேயே தங்குகிறது. அதாவது செடி வளர்ச்சியை இழந்துவிட்டது, உயிரை இன்னும் இழக்கவில்லை. மஞ்சள் பூக்க ஒரு வாரம், சில களைகளில் அதற்கும் மேல் ஆகும். முழுதாகக் காய்ந்து விழ இரண்டு மூன்று வாரம் ஆகும்.

இந்தத் தாமதம்தான் இம்மருந்தைப் பற்றிய முதல் மனக்குறைக்கு வித்திடுகிறது. "வாத்தியாரய்யா, மருந்து தண்ணியாப் போச்சு போல, புல்லு அப்படியே நிக்குதே" என்று எங்கள் வயலில் வேலை பார்க்கும் பெரியவர் அடுத்த சில நாளிலேயே சொல்லிவிட்டார். அவரைப் போன்றவர்கள் பாராகுவாட் என்னும் களைக்கொல்லியைப் பார்த்துப் பழகியவர்கள். அது பசுங்கணிகத்தின் ஒளி அமைப்பிலிருந்து எலக்ட்ரானைப் பறித்து ஆக்சிஜனிடம் கொடுத்து, செல் சவ்வுகளையே கிழித்துவிடுவதால், வெயில் நன்றாக அடித்தால் அன்று மாலைக்குள் இலை கருகிப்போகும். பிஸ்பைரிபாக் அப்படிப்பட்டதன்று. வேலை நடக்கிறதா என்று அறிய இலையின் நிறத்தைப் பார்ப்பதில் பயனில்லை. நடுக்குருத்தைப் பார்க்க வேண்டும். குதிரைவாலிச் செடி ஒன்றைப் பிடுங்கி, நடுவிலுள்ள சுருண்ட இளங்குருத்தை இரு விரலால் மெல்ல இழுத்தேன். வெளி இலைகளெல்லாம் பச்சையாக இருந்தபோதே அது எதிர்ப்பின்றிக் கையோடு வந்துவிட்டது. அதன் அடி நுனி பழுப்பேறி, நசுக்கினால் நீர் கசியும் பதத்தில் இருந்தது. தண்டின் அடிப்பகுதியை நகத்தால் இரண்டாகக் கீறிப் பார்த்தால், வெள்ளையாகவும் உறுதியாகவும் இருக்க வேண்டிய வளர்முனை தேநீர் நிறத்துக்கு மாறியிருந்தது. அருகிலிருந்த நெற்பயிரின் குருத்தை அதே போல் இழுத்தபோது அது இறுகப் பிடித்துக்கொண்டு நின்றது. பெரியவரிடம் இரண்டையும் காட்டிய பிறகு அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த நாளும் தாமாகவே சில செடிகளைப் பிடுங்கிக் குருத்தை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இளம் பருவத்தில் குதிரைவாலியையும் நெல்லையும் பிரித்தறிவது எளிதன்று என்பதால் ஒரு குறிப்பைச் சேர்த்துவிடுகிறேன். இலைத்தாளும் உறையும் சேரும் கணுக்கழுத்தில் நெல்லுக்குச் சவ்வு போன்ற ஒரு நாக்கும், இரு பக்கமும் மயிருள்ள சிறு காதுகளும் உண்டு. குதிரைவாலிக்கு அந்த இடம் வெறுமையாக இருக்கும். களையெடுக்கும் பெண்கள் இதைப் பெயர் சொல்லி விளக்காவிட்டாலும் விரல் நுனியால் அறிந்து வைத்திருக்கிறார்கள்.

அப்படியானால் நெல் ஏன் சாவதில்லை? நெல்லுக்கும் ஏஎல்எஸ் உண்டு; அதுவும் இம்மருந்துக்கு அடங்கக்கூடியதே. வேறுபாடு நொதியில் இல்லை, மருந்து நொதியைச் சென்றடையும் முன் அதை உருமாற்றிச் செயலிழக்கச் செய்யும் வேகத்தில் இருக்கிறது. செல்லுக்குள் சைட்டோகுரோம் பி450 என்னும் நொதிக் கூட்டம் வேண்டாத வேதிப்பொருள்களை ஆக்சிஜனேற்றம் செய்து வலுவிழக்கச் செய்கிறது. இண்டிகா வகை நெல்லில் சிஒய்பி72ஏ31 என்னும் பி450 மரபணு பிஸ்பைரிபாக்கைத் தாங்கும் திறனைத் தருகிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2014இல் காட்டினார்கள். அதே ஆய்வில் நிப்பொன்பாரே என்னும் ஜப்பானிக்கா ரகம் இம்மருந்துக்கு எளிதில் அடங்கியது. நம் பக்கத்தில் நடப்படுவதெல்லாம் இண்டிகா வகை என்பது நமக்கு ஆறுதல்.

ஆனால் இந்தப் பாதுகாப்பு எந்நேரமும் ஒரே அளவில் இயங்கும் என்று எண்ணிவிடக் கூடாது. பயிர் மிக இளையதாக இருந்தாலோ, வறட்சியிலோ சத்துக் குறைவிலோ வாடியிருந்தாலோ மருந்தைச் சிதைக்கும் வேலை மந்தமாகிறது. எங்கள் மேட்டு நிலத்தில், செம்மண் வெடித்துக் கிடந்த ஓரத்தில், நெல்லின் இளந்தாள்கள் வெளிறி, வளர்ச்சி நின்று, பிறகு மழை பெய்ததும் தேறிவந்தன. தாழ்ந்த வயலில் அப்படி ஏதும் தென்படவில்லை. ஆகவே, வாடிய பயிரின் மேல் இதைத் தெளிக்காதீர்கள் என்பதை வெறும் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளாமல், பி450 வேலை செய்வதற்கு அவகாசம் கொடுப்பதாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய இன்னொரு செய்தி உண்டு. மருந்து வாங்கும்போது கடைக்காரர், "சார், இதோட ஒரு புழு மருந்தையும் கலந்து ஒரே அடியா அடிச்சிருங்க, ஒரு கூலி மிச்சம்" என்றார். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் மாலத்தியான் போன்ற ஆர்கனோபாஸ்பேட் பூச்சிமருந்துகள் பி450 நொதிகளைத் தடுக்கக்கூடியவை. ஆய்வகத்தில் களைகளின் எதிர்ப்புத் திறன் பி450 வழியாக வருகிறதா என்று சோதிக்கவே மாலத்தியானைக் கலந்து பார்ப்பார்கள். நெல்லின் காவலைக் கட்டிப்போட்டுவிட்டு, அதே டேங்கில் களைக்கொல்லியையும் ஊற்றுவது பயிரைத் தெரிந்தே இடரில் தள்ளுவதாகும். ஒரு நாள் கூலி மிச்சமாவதை நான் குறைத்துப் பேசவில்லை. இந்த ஊரில் தெளிப்பவர் கிடைப்பதே அரிது. என்றாலும் இந்தக் கலவைக்கு நான் ஒப்பவில்லை.

இனி, இம்மருந்து நம் மண்ணுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்னும் கேள்விக்கு வருகிறேன். துண்டுத்தாளில் உள்ள வழிமுறை இதுதான்: நேரடி விதைப்பில் விதைத்த 15 முதல் 25 நாளுக்குள், களைகள் மூன்று நான்கு இலை விட்டிருக்கும்போது, வயலில் நிற்கும் நீரை வடித்துவிட்டு, ஏக்கருக்கு ஏறத்தாழ 120 லிட்டர் நீரில் கலந்து, தட்டை விசிறி நாசிலால் சீராகத் தெளித்து, இரண்டு மூன்று நாள் கழித்து மீண்டும் நீர் கட்டி, ஒரு வாரமாவது மூன்று நான்கு சென்டிமீட்டர் நீரை நிறுத்தி வைக்க வேண்டும். வைகை, காவிரிப் பாசனத்தில் இருப்பவருக்கு இது இயல்பான வேலை. செட்டிநாட்டில் பெரும்பகுதி கண்மாய்ப் பாசனம், அதற்கு வெளியே மானாவாரி. புரட்டாசியில் புழுதி உழவு ஓட்டி விதைத்துவிட்டு வானத்தைப் பார்ப்பதே வழக்கம். களைகளின் இலைப் பருவம் சரியாக இருக்கும் நேரத்தில் கண்மாய் பாதிகூட நிரம்பியிருக்காது. மீண்டும் நீர் கட்டு என்றால் எங்கிருந்து கட்டுவது?

இந்தக் கேள்வி வெறும் புலம்பலன்று; இதற்கும் செல்லளவிலான ஒரு காரணம் இருக்கிறது. பிஸ்பைரிபாக் முளைத்துவிட்ட களைகளின் இலை வழியாகவே பெரிதும் செயல்படுகிறது. மண்ணில் இன்னும் முளைக்காமல் கிடக்கும் விதைகளின் மீது இதற்குச் சொல்லத்தக்க பிடிப்பு இல்லை. தெளித்த பின் கட்டும் நீர்தான் அடுத்த முளைப்பை அடக்குகிறது. நீரடியில் ஆக்சிஜன் கிடைக்காத பல புல் விதைகள் முளைக்க முடியாமல் போகின்றன. அதாவது மருந்து பாதி வேலையையும் தண்ணீர் மீதி வேலையையும் செய்கின்றன. எங்கள் தாழ்ந்த வயலில் மடை திறந்து நீர் கட்ட முடிந்ததால், அறுவடை வரை கையால் களை எடுக்கும் வேலை பெரிதாக ஏற்படவில்லை. மேட்டு நிலத்தில் முதல் அலைக் களைகள் செத்தன. ஐப்பசியின் அடுத்த மழைக்கு இரண்டாம் அலை எழுந்து நின்றது. ஒரே புட்டி, ஒரே கை, ஒரே நாள். விளைவு மட்டும் இரண்டு விதம். மருந்தை வாங்கும் முன் நிலத்துக்கு நீர் வரத்து எப்படி என்று கேட்கும் கடைக்காரரை நான் இதுவரை பார்க்கவில்லை.

எந்தெந்தக் களைகளை இது கொல்கிறது என்பதிலும் ஏற்றத்தாழ்வு உண்டு. குதிரைவாலி இனங்களில் இதன் வேலை சிறப்பு. வயல்களில் கட்டுக்கட்டாக எழும் ஓராண்டுக் கோரைகளையும், கரிசலாங்கண்ணி, நீர்க்கிராம்பு போன்ற அகன்ற இலைக் களைகளையும் நன்றாகவே அடக்குகிறது. ஆனால் மேட்டு நிலங்களில் மிகுந்து வரும் காக்காக்கால் புல்லுக்கு இது சரியான மருந்தன்று. எங்கள் நிலத்தில் அது சற்றே மஞ்சளித்துப் பிறகு முன்போலவே படர்ந்தது. கிழங்கு வைத்த கோரை மேல்தாள் வாடினாலும் கிழங்கிலிருந்து மறுபடி துளிர்க்கிறது. ஆகவே, இன்ன களை என்று அடையாளம் காணாமல் 'களை மருந்து' என்று பொதுவாகக் கேட்டு வாங்குபவருக்கு இது ஏமாற்றத்தைத் தரலாம். குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்திலோ, செட்டிநாட்டில் உள்ள வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையத்திலோ செடியைப் பிடுங்கிக்கொண்டு போய்க் காட்டிக் கேட்பது, கடையில் வாயால் விவரிப்பதை விட மேல்.

அகன்ற இலைக் களை என்று பட்டியலில் அடங்கிவிடும் செடிகளில் சில நம் வீட்டு அடுப்புக்கு உரியவை என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். களையெடுக்க வரும் பெண்கள் கரிசலாங்கண்ணி, பொன்னாங்கண்ணி, ஆராக்கீரை என்று மடி நிறையப் பறித்துக்கொண்டு போவார்கள். பிடுங்கிய புல்லைக் கட்டாகக் கட்டி மாட்டுக்கும் கொண்டு போவார்கள். கூலியோடு சேர்ந்த இந்த வரும்படி மருந்து தெளித்த வயலில் இல்லாமல் போகிறது. தெளித்த வயலிலிருந்து கீரையோ புல்லோ எடுக்கக் கூடாது என்று நாமே முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால், மேலே சொன்னபடி, முதல் வாரத்தில் செடியைப் பார்த்தால் மருந்து பட்டது என்றே தெரியாது.

கடை அலமாரியில் இதன் அண்டை வீட்டார் யார் யார், அவர்கள் செல்லின் எந்த இடத்தைத் தாக்குகிறார்கள் என்று பார்ப்பது தேர்வுக்கு உதவும். பெண்டிமெத்தலின் விதை முளைக்கும் முன் மண்ணில் தெளிப்பது. செல் பிரியும்போது குரோமோசோம்களை இரு பக்கமும் இழுத்துச் செல்லும் நுண்குழல்கள் உருவாகாமல் செய்துவிடுவதால், களையின் வேர் நுனி நீளாமல் தடித்து உருண்டு நின்றுவிடும். புழுதி விதைப்பில், விதைத்த சில நாளுக்குள், மண்ணில் ஈரம் இருக்கும்போது தெளித்தால் நன்றாகப் பயன்படுகிறது. ஈரமில்லாத புழுதியில் தெளிப்பது வீண். பிரெட்டிலாகுளோர் செல் சவ்வுக்கும் மெழுகுப் படலத்துக்கும் வேண்டிய மிக நீண்ட கொழுப்பு அமிலங்கள் உருவாவதைத் தடுக்கிறது. சேற்று விதைப்புக்கு விற்கப்படும் வகையில் ஃபென்குளோரிம் என்னும் காப்புப்பொருளும் கலந்திருக்கும், அது நெல்லுக்குள் மருந்தைச் செயலிழக்கச் செய்யும் நொதிகளை, அதாவது மருந்தோடு குளூட்டத்தையோன் என்னும் பொருளை இணைக்கும் நொதிகளைத் தூண்டிவிடுகிறது. 2,4-டி என்பது ஆக்சின் ஹார்மோனின் போலி. அகன்ற இலைச் செடியின் செல்களில் வளர்ச்சிக்கான கட்டளை ஓயாமல் ஒலித்துக்கொண்டிருப்பதால், தண்டு முறுக்கி, இலை சுருண்டு, கடத்தும் திசு சிதைந்து செடி அழிகிறது. சைஹாலோஃபாப் பியூட்டைல் கொழுப்பு அமிலத் தயாரிப்பின் முதற்படியான ஏசிசிஏஸ் நொதியைத் தடுக்கிறது; புல்லினத்தின் பசுங்கணிகத்தில் இருக்கும் அந்நொதியின் அமைப்பு அகன்ற இலைச் செடிகளில் இருப்பதிலிருந்து வேறுபட்டது என்பதால் இது புல்லை மட்டும் கொல்கிறது, நெல்லோ அதைச் செயலற்ற வடிவத்துக்கு விரைவில் மாற்றிவிடுகிறது. கிளைஃபோசேட் வேறு கதை. நறுமண அமினோ அமிலங்களைத் தரும் பாதையை அடைத்து நெல், களை என்று பாராமல் எல்லாவற்றையும் கொல்லும். 2022 அக்டோபரில் மத்திய அரசு அதன் பயன்பாட்டைப் பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணியாளர்கள் வழியாக மட்டுமே என்று வரையறுத்தது. வரப்பில் அடிக்கிறேன் என்று வாங்குவோர் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

இந்த வரிசையைச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஆண்டுதோறும் ஒரே நொதியைத் தாக்கிக்கொண்டிருந்தால், இலட்சக்கணக்கான களைச் செடிகளில் ஏதோ ஒன்றிரண்டில் அந்நொதியின் அமைப்பு இயல்பாகவே சற்று மாறியிருக்க, அவை மட்டும் பிழைத்து விதை போடும். ஏஎல்எஸ் நொதியின் அமினோ அமில வரிசையில் 197ஆம் இடத்துப் புரோலினோ 574ஆம் இடத்து டிரிப்டோஃபேனோ மாறினாலே மருந்து ஒட்டுவதற்குப் பிடி தளர்ந்துவிடுகிறது. நொதியின் வேலையோ கெடுவதில்லை. உலகில் மிக அதிகமான களை இனங்கள் எதிர்ப்புப் பெற்றிருப்பது இந்த ஏஎல்எஸ் வகை மருந்துகளுக்குத்தான். இரண்டாவது வழி இன்னும் நுட்பமானது. குதிரைவாலியின் உறவினமான எக்கினோகுளோவா ஃபில்லோபோகன் என்னும் களையில் சிஒய்பி81ஏ12, சிஒய்பி81ஏ21 என்னும் இரு பி450 மரபணுக்கள் மிகையாக இயங்கி, நெல் கையாளும் அதே உத்தியால் மருந்தைச் சிதைத்துவிடுவதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். அப்படிப்பட்ட களைக்கு, இதுவரை பார்த்தேயிராத வேறு மருந்தும் பலிக்காமல் போகலாம்.

"போன வருஷம் அடிச்சது வேண்டாம், வேற மருந்து கொடுங்க" என்று நான் கேட்டபோது கடைக்காரர் பெனாக்ஸுலத்தை எடுத்து வைத்தார். வேறு நிறுவனம், வேறு பெயர், வேறு விலை. ஆனால் பெனாக்ஸுலமும் ஏஎல்எஸ் தடுப்பானே. பென்சல்ஃபியூரான், பைரசோசல்ஃபியூரான், எத்தாக்சிசல்ஃபியூரான், மெட்சல்ஃபியூரானும் குளோரிமியூரானும் கலந்த பொடி எல்லாமே அந்த ஒரே கதவைத்தான் அடைக்கின்றன. புட்டியை மாற்றிவிட்டு மருந்தை மாற்றியதாக எண்ணிக்கொள்வது களைக்கு மட்டுமே நன்மை. இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கத்தான் செயல்முறையை வைத்துக் களைக்கொல்லிகளுக்கு எண் கொடுத்திருக்கிறார்கள். அதில் ஏஎல்எஸ் வகை முழுவதும் இரண்டாம் எண். நான் வாங்கிய புட்டியிலோ அதனுடன் வந்த துண்டுத்தாளிலோ அந்த எண் எங்கும் அச்சாகியிருக்கவில்லை. பல மொழிகளை ஒரே தாளில் திணித்திருந்ததால், தமிழ்ப் பகுதியைப் படிக்கவே எனக்கு உருப்பெருக்கிக் கண்ணாடி வேண்டியிருந்தது. மருந்தின் தரத்துக்கு நான் கொடுக்கும் மதிப்பெண்ணை இந்தத் தாளுக்குக் கொடுக்க மாட்டேன்.

அளவு குறித்தும் ஒரு சொல். விலை கருதி ஏக்கருக்கு 50 மில்லி போதும் என்று பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். பார்வைக்குக் களை அடங்கியது போலவே இருக்கும். ஆனால் குறை அளவில், மருந்தைச் சற்று வேகமாகச் சிதைக்கவல்ல செடிகள் எல்லாம் தப்பிவிடுகின்றன. அவை தமக்குள் கலந்து, அடுத்தடுத்த பருவங்களில் அத்திறன் கூடிக்கொண்டே போகிறது. மிகுதியாக ஊற்றினாலோ நெல்லின் சிதைக்கும் திறனைத் தாண்டிவிடுகிறோம். புட்டியோடு அளவுக் குவளை வராததால் மருந்துக்கடையில் ஒரு சிரிஞ்சு வாங்கிக்கொண்டேன். பத்து லிட்டர் டேங்குக்கு எட்டு மில்லி என்று அளந்து ஊற்ற அது வசதியாக இருந்தது. மூடியால் தோராயமாக ஊற்றுவது இந்த மருந்துக்கு ஒத்துவராது. திரவம் பால் போல் கலங்கலாக இருக்கும். புட்டியைக் குலுக்காமல் ஊற்றினால் முதல் டேங்கும் கடைசி டேங்கும் ஒரே செறிவில் இரா. தெளித்த பின் ஆறு மணி நேரமாவது மழை பெய்யாமல் இருக்க வேண்டும் என்பதால், வடகிழக்குப் பருவ மழைக் காலத்தில் காலையில் வேலையை முடித்துவிடுவதே நல்லது. பக்கத்து நிலத்தில் உளுந்தோ காய்கறியோ இருந்தால் காற்று அடங்கிய நேரத்தில் மட்டும் தெளிக்க வேண்டும். அச்செடிகளுக்கு நெல்லிடம் உள்ள தற்காப்பு இல்லை. நச்சுத்தன்மை குறைவு என்றேனே தவிர, வெறுங்கையால் கலக்கலாம் என்று சொல்லவில்லை; கையுறையும் முகத்துணியும் கட்டாயம் வேண்டும்.

விலை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுகிறது. எந்தப் புட்டியை வாங்கினாலும் ஓர் ஏக்கருக்குக் கையால் களையெடுக்க ஆகும் கூலியில் அது ஒரு சிறு பங்குதான் என்பதில் ஐயமில்லை. ஆள் கிடைத்தால்தானே அந்தக் கணக்கும். கண்மாய் நீர் உறுதியாக வரும் வயல், அதில் குதிரைவாலியும் ஓராண்டுக் கோரையும் மிகுதி, பயிர் செழிப்பாக இருக்கிறது என்றால், இப்போது கிடைப்பவற்றில் இதை நான் முதலிடத்தில் வைப்பேன். மானாவாரி மேட்டு நிலத்துக்கு இதை மட்டும் நம்பி இறங்க மாட்டேன். அங்கே முதல் மழை ஈரத்தில் பெண்டிமெத்தலின் தெளித்து, பிறகு எழும் காக்காக்கால் புல்லைச் சைஹாலோஃபாப்பிடம் விடுவதாக இருக்கிறேன். அதனுடன் 2,4-டியை ஒரே டேங்கில் கலக்கக் கூடாது. கலந்தால் புல்லின் மேல் உள்ள பிடி குறைந்துபோகும்.

தாழ்ந்த வயலில் இம்மருந்துக்குத் தப்பி அங்கொன்றும் இங்கொன்றுமாக நின்ற குதிரைவாலிச் செடிகளை அப்படியே விட்டுவிடவில்லை. அவை மருந்து படாமல் தப்பியவையா, மருந்தை வென்று தப்பியவையா என்பதை வயலில் நின்றபடி கண்ணால் பிரித்தறிய வழியில்லை. எனவே கதிர் முற்றி விதை கொட்டும் முன்பே, இரண்டு பெண்களை அழைத்து, அவற்றை வேரோடு பிடுங்கி, மாட்டுக்கும் போடாமல் வரப்புக்கு வெளியே குவித்துக் காயவைத்து எரித்துவிட்டோம். அதற்கு ஆன அரை நாள் கூலியையும் இந்த மருந்தின் விலையோடு சேர்த்தே கணக்கில் எழுதியிருக்கிறேன்.